கிளவுட் கணக்கைப் பூட்டுவது எப்படி? சிறு நிறுவனங்களுக்கான முழுமையான ஏடபிள்யூஎஸ் வழிகாட்டி

2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்றொரு நிறுவனம் திடீரென்று கடையைக் கட்டியது. மற்றவர்கள் எழுதும் புரோகிராம்களைப் பத்திரமாக வைத்திருந்து தருவதுதான் அவர்கள் தொழில். எவனோ ஒருவன் அவர்களுடைய ஏடபிள்யூஎஸ் (அமேசானின் வாடகைக் கிளவுட் சேவை) கன்சோலுக்குள், அதாவது எல்லாவற்றையும் நிர்வகிக்கும் பக்கத்துக்குள், நுழைந்து பணம் கேட்டு மிரட்டினான். அவர்கள் பாஸ்வேர்டை மாற்றி அவனை வெளியே தள்ளப் பார்த்தார்கள். அதற்குள் அவன் தனக்கென்று வேறு சில லாகின்களை உருவாக்கி வைத்திருந்தான். தன்னைத் துரத்துகிறார்கள் என்று தெரிந்ததும் அழிக்க ஆரம்பித்துவிட்டான். சர்வர், டிஸ்க், எஸ்3 பக்கெட் (கோப்புகள் இருக்கும் பெட்டி), ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) என்று 12 மணி நேரத்தில் பெரும்பாலானவை போய்விட்டன. அவர்களிடம் பேக்கப் இருந்தது. அதில் பெரும்பகுதியும் அதே சாவிக்கொத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் சர்வர் ஒரு அறையில் இருக்கும், பேக்கப் டேப் இன்னொரு அலமாரியில் இருக்கும். இரண்டையும் அழிக்க வேண்டுமானால் ஒருவன் நேரில் வந்து இரண்டு பூட்டை உடைக்க வேண்டும். கிளவுடில் எல்லாமே ஒரு லாகினுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் கீழே ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போங்கள்: இதை நான் என் லாகினிலிருந்து இப்போதே அழிக்க முடியுமா? முடியும் என்றால் என் லாகினைத் திருடியவனாலும் முடியும்.

நான் தினமும் கை வைப்பது ஏடபிள்யூஎஸ் என்பதால் அதை வைத்தே எழுதுகிறேன். அஷ்யூர், கூகுள் கிளவுட் ஆட்களுக்கு மெனுவும் பெயரும் மாறும். வேலை கிட்டத்தட்ட இதேதான்.

படி 1: ரூட் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

கணக்கைத் திறக்கும்போது கொடுத்த ஈமெயிலும் பாஸ்வேர்டும்தான் ரூட். ஐஏஎம் பாலிசி (யார் என்ன செய்யலாம் என்ற விதி) எழுதி இதைக் கட்டுப்படுத்த முடியாது. கணக்கையே மூடும் அதிகாரம் இதற்கு உண்டு.

ஒரு சிறு நிறுவனத்துக்காக இந்த வேலையில் உட்கார்ந்தேன். ரூட் ஈமெயில் எது என்று கேட்டதும் அறையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழைய பில்லைத் துழாவிப் பார்த்தால், கணக்கைத் திறந்த பையனின் சொந்த ஜிமெயில். அவன் வேலையை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. போன் போட்டோம். “அண்ணா, மெயில் இன்னும் இருக்கு. ஆனா அதுல குடுத்த போன் நம்பர் இப்ப என்கிட்ட இல்லண்ணா. யாருகிட்ட இருக்குன்னும் தெரியல” என்றான். நல்ல பையன், அரை மணி நேரம் ஒதுக்கி எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தான். அவன் மனது வைக்காமல் போயிருந்தால் வாரக்கணக்கில் அலைந்திருப்போம்.

அந்தப் போன் நம்பர் ஏன் முக்கியம்? ரூட்டின் எம்எஃப்ஏ (பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் இரண்டாவது சரிபார்ப்பு) கருவி தொலைந்துபோனால், பதிவு செய்த ஈமெயிலையும் போன் நம்பரையும் சரிபார்த்து உள்ளே விடும் வழி ஒன்று இருக்கிறது. அந்த இரண்டும் வேறொருவன் கையில் இருந்தால் நீங்கள் போட்ட எம்எஃப்ஏ வீண். துண்டித்த நம்பர்கள் சில மாதம் கழித்து வேறொருவருக்குப் போகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்ய வேண்டியவை இவை. ரூட் ஈமெயிலை நிறுவனத்தின் சொந்த டொமைனில், இரண்டு பேருக்குப் போய்ச் சேரும் பொது முகவரியாக மாற்றுங்கள். அந்த மெயில்பெட்டிக்கும் எம்எஃப்ஏ போடுங்கள். டொமைன் தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்று பாருங்கள். டொமைன் காலாவதியாகி வேறொருவன் வாங்கிவிட்டால் உங்கள் ரூட் மெயிலும் அவனுக்குத்தான் போகும். போன் நம்பர் நிறுவனத்தின் பெயரில் வாங்கிய சிம்மாக இருக்கட்டும். ரூட்டுக்கு அக்சஸ் கீ (புரோகிராம்கள் உள்ளே நுழையும் சாவி) இருந்தால் அழித்துவிடுங்கள். அதற்கு எந்த நியாயமான தேவையும் கிடையாது.

எம்எஃப்ஏ எது? எஸ்எம்எஸ் ஓடிபியை ஏடபிள்யூஎஸ் இதற்கு ஏற்பதில்லை, நல்லதுதான். ஆதென்டிகேட்டர் ஆப் பரவாயில்லை. ஆனால் போலி லாகின் பக்கம் ஒன்றைக் காட்டி அதில் தட்டும் ஆறு இலக்கத்தை அப்படியே வாங்கி அசல் பக்கத்தில் போட்டுவிட முடியும். யுஎஸ்பியில் செருகும் செக்யூரிட்டி கீ அந்த வலையில் விழாது, ஏனென்றால் அது தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இந்தக் கீயைக் கட்டாயமாக்கிய பிறகு, வேலைக் கணக்கு ஒன்றுகூட ஃபிஷிங்கில் போகவில்லை என்று கூகுள் 2018இல் சொன்னது. ஒரு ரூட்டுக்கு 8 கருவிகள் வரை பதியலாம். குறைந்தது இரண்டு பதியுங்கள்: ஒன்று முதலாளியிடம், இன்னொன்று பீரோவில். அதன்பின் ரூட்டை மறந்துவிடுங்கள். தினசரி வேலைக்கு அதைத் தொடவே கூடாது.

படி 2: ஆளுக்கொரு லாகின்

“அட்மின்” என்று ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு, அது வாட்ஸ்அப் குழுவில். இதை நான் பார்க்காத அலுவலகம் குறைவு. ஐஏஎம் ஐடென்டிட்டி சென்டருக்குத் தனிக் கட்டணம் இல்லை; அதில் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கொடுத்து எம்எஃப்ஏவைக் கட்டாயமாக்குங்கள். ஒருவர் விலகும்போது ஒரே இடத்தில் நிறுத்திவிடலாம், நான்கு இடத்தில் தேட வேண்டாம்.

அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தால் சின்ன டீமுக்குப் போதும்: பார்க்க மட்டும், வேலை செய்ய, அட்மின். நடுவில் இருப்பவருக்கு டேட்டாபேஸையும் ஸ்னாப்ஷாட்டையும் அழிக்கும் அனுமதியைக் கொடுக்காதீர்கள். “சார், என்னை நம்பலையா?” என்று கேட்பார்கள். அவரை நம்பலாம், அவர் லேப்டாப்பில் என்ன புகுந்திருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

போனில் “அனுமதிக்கவா?” என்று கேட்கும் வகை எம்எஃப்ஏ வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. 2022 செப்டம்பரில் ஊபருக்குள் புகுந்தவன் ஒரு ஒப்பந்தப் பணியாளரின் பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப லாகின் செய்து பார்த்தான். ஒவ்வொரு முறையும் அவருக்கு அனுமதிக் கோரிக்கை போனது. கடைசியில் அவர் ஒன்றை ஏற்றுவிட்டார்.

படி 3: அக்சஸ் கீயை வேட்டையாடுங்கள்

என் அனுபவத்தில் வீடு உடைவது பெரும்பாலும் இந்த ஜன்னல் வழியாகத்தான். அக்சஸ் கீ என்பது புரோகிராம்களுக்கான லாகின். அதற்கு ஓடிபி கேட்பதில்லை, காலாவதியும் இல்லை. 2016இல் ஊபர் பொறியாளர்கள் பயன்படுத்திய தனிப்பட்ட கிட்ஹப் ரெப்போவுக்குள் (புரோகிராம் கோப்புகள் இருக்கும் கிடங்கு) நுழைந்த இருவர் அங்கே ஏடபிள்யூஎஸ் கீயைக் கண்டெடுத்து, 5.7 கோடிப் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்களை எடுத்துப் போனார்கள். ரெப்போ பிரைவேட்டாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். பப்ளிக் ரெப்போவில் கீ விழுந்தால் அதற்கென்றே அலையும் தானியங்கிப் புரோகிராம்கள் சில நிமிடங்களில் பொறுக்கிக்கொண்டு போய்விடும்.

ஐஏஎம் பக்கத்தில் “கிரெடென்ஷியல் ரிப்போர்ட்” என்று ஒரு கோப்பு இறக்கலாம். எக்செலில் திறந்தால் ஆளுக்கொரு வரி: பாஸ்வேர்டு உண்டா, எம்எஃப்ஏ உண்டா, கீ எப்போது உருவானது, கடைசியாக எந்தச் சேவைக்குப் பயன்பட்டது. நான் முதலில் பார்ப்பது இரண்டு வகை வரிகளை. ஒன்று, பாஸ்வேர்டு இருந்து எம்எஃப்ஏ இல்லாதவை. அவற்றை அன்றே சரிசெய்ய வேண்டும். இன்னொன்று, உருவாகி ஆயிரம் நாள் தாண்டியும் நேற்றுக்கூடப் பயன்பட்ட கீ. அது எந்த சர்வரில், எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கீ உங்கள் கையில் இல்லை என்று அர்த்தம்.

மாற்றும்போது அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். ஒரு யூசருக்கு இரண்டு கீ வைக்கலாம் என்பதே இதற்காகத்தான். புதியதை உருவாக்கிப் புரோகிராமில் போடுங்கள், பழையதை “இன்ஆக்டிவ்” ஆக்குங்கள், ஒரு வாரம் பாருங்கள். எதுவும் அலறவில்லை என்றால் அழியுங்கள். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் சம்பள ஸ்கிரிப்ட் போன்றவை இருந்தால் ஒரு மாதம் பொறுங்கள்.

இதைவிட நல்லது, கீயே இல்லாமல் செய்வது. இசி2வில் (ஏடபிள்யூஎஸ்ஸின் வாடகை சர்வர்) ஓடும் புரோகிராமுக்கு ரோல் (அனுமதிகளின் தொகுப்பு) கொடுத்தால் சில மணி நேரமே செல்லும் தற்காலிகக் கீ தானாகக் கிடைக்கும். கிட்ஹப் ஆக்ஷன்ஸிலிருந்து டிப்ளாய் செய்பவர்களுக்கும் (புரோகிராமை சர்வரில் ஏற்றுபவர்களுக்கும்) ஓஐடிசி என்ற, கீ இல்லாமல் அடையாளம் காட்டும் முறை வழியாக ரோல் எடுக்கும் வசதி இருக்கிறது. அங்கே சீக்ரெட்டில் கீ ஒட்டி வைக்க வேண்டிய காலம் போய்விட்டது. லேப்டாப்பில் வேலை செய்பவர்கள் ஐடென்டிட்டி சென்டர் வழியாக லாகின் செய்தால் அதுவும் தற்காலிகம்தான்.

படி 4: சர்வரின் ரோலைச் சுருக்குங்கள்

ரோல் கொடுத்தாகிவிட்டது என்று நிம்மதியாக உட்கார முடியாது. 2019இல் கேபிடல் ஒன் வங்கியில் சரியாக அமைக்காத ஃபயர்வால் ஒன்றை ஏமாற்றி, 169.254.169.254 என்ற உள் முகவரியிலிருந்து அந்த சர்வரின் தற்காலிகக் கீயை ஒருவர் வாங்கிவிட்டார். அந்த ரோலுக்கு எஸ்3 பக்கெட்டுகளைப் படிக்கும் அனுமதி தாராளமாக இருந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரம் போனது. மறுவருடம் வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம்.

அந்த முகவரிக்கான பூட்டுதான் ஐஎம்டிஎஸ் வி2 (சர்வர் தன் விவரங்களைக் கேட்டுப் பெறும் சேவையின் இரண்டாம் பதிப்பு). 2019 நவம்பரில் வந்தது. பழைய சர்வர்களில் இன்னும் வி1ம் திறந்திருக்கும். வி2 மட்டும் போதும் என்று மாற்றுங்கள். ரோலில் எஸ்3 முழுவதும் என்று நட்சத்திரக் குறி இருந்தால், தேவையான பக்கெட்டின் பெயரை மட்டும் எழுதுங்கள். செக்யூரிட்டி குரூப்பில் (சர்வரின் ஃபயர்வால் விதிகளில்) 22 (சர்வருக்குள் நுழையும் வழி), 3306, 5432, 27017 (டேட்டாபேஸ்களின் வழிகள்) ஆகிய போர்ட்டுகளுக்கு எதிரே 0.0.0.0/0 என்று இருந்தால் உலகமே கதவைத் தட்டலாம் என்று பொருள். டேட்டாபேஸ் போர்ட்டை ஆப் சர்வருக்கு மட்டும் திறங்கள். 22க்குப் பதில் ஏடபிள்யூஎஸ்ஸின் செஷன் மேனேஜர் பயன்படுத்தினால் அந்தப் போர்ட்டே வேண்டாம்.

படி 5: பக்கெட்

2023 ஏப்ரலிலிருந்து புதிதாக உருவாக்கும் எஸ்3 பக்கெட்டுகள் மூடியே பிறக்கின்றன. உங்கள் கவலை அதற்கு முந்தையவை. கணக்கு முழுவதற்கும் “பிளாக் பப்ளிக் அக்சஸ்” போடும் ஒரே சுவிட்ச் இருக்கிறது. போடும் முன் இணையதளப் படங்கள் எந்தப் பக்கெட்டிலிருந்து வருகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஐந்தாவது நிமிடம் போன் வரும். அந்தப் படங்களை கிளவுட்ஃபிரண்ட் (பக்கெட்டை மூடிவைத்தே கோப்பைப் பரிமாறும் சேவை) வழியாகக் கொடுத்துவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள்.

என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி கோப்பை மாற்றுவது) பற்றி ஒரு வார்த்தை. “எல்லாம் என்கிரிப்ட் ஆகியிருக்கு சார்” என்று பெருமையாகச் சொல்வார்கள். 2023 ஜனவரியிலிருந்து எஸ்3 தானாகவே அதைச் செய்கிறது. அது டேட்டா சென்டரிலிருந்து டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போகிறவனைத் தடுக்கும். உங்கள் கீயோடு உள்ளே வருகிறவனுக்கு எஸ்3யே பூட்டைத் திறந்து கோப்பை நீட்டும். 2025 ஜனவரியில் வெளிவந்த கோட்ஃபிங்கர் கும்பலின் வேலை இன்னும் விசித்திரம்: திருட்டுக் கீயோடு நுழைந்து, எஸ்3இன் என்கிரிப்ஷன் வசதியையே பயன்படுத்தி, தங்களுக்கு மட்டும் தெரிந்த சாவியால் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள்.

படி 6: உங்களாலேயே அழிக்க முடியாத பேக்கப்

நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ரூட்டை முடித்துவிட்டு நேரே இங்கே வாருங்கள்.

பேக்கப்புக்கென்று தனியாக ஒரு ஏடபிள்யூஎஸ் கணக்கு திறங்கள். வேறு ரூட் ஈமெயில், வேறு எம்எஃப்ஏ கருவி, முடிந்தால் வேறு ஆள். ஆர்கனைசேஷன்ஸ் (பல கணக்குகளை ஒரு தாய்க் கணக்கின் கீழ் வைக்கும் வசதி) வழியாக இரண்டு கிளிக்கில் திறந்துவிடலாமே என்று தோன்றும். அதில் ஒரு பொறி இருக்கிறது: அப்படித் திறக்கும் கணக்குக்குள் தாய்க் கணக்கின் அட்மின் நுழைய ஒரு ரோல் தானாகவே உருவாகிவிடும். தாய்க் கணக்கிலேயே தினசரி வேலையும் நடக்கிற சின்ன நிறுவனங்களில் பேக்கப் கணக்கைத் தனியாகத் திறப்பதுதான் என் பழக்கம்.

அந்தக் கணக்கில் ஒரு பக்கெட். உருவாக்கும்போதே வெர்ஷனிங்கும் (பழைய பிரதிகளை வைத்திருப்பது) ஆப்ஜெக்ட் லாக்கும் (அழிக்க முடியாமல் பூட்டுவது). ஆப்ஜெக்ட் லாக்கில் இரண்டு விதம்: கவர்னன்ஸ் முறையில் சிறப்பு அனுமதி உள்ளவர் பூட்டைத் திறக்கலாம், கம்ப்ளையன்ஸ் முறையில், குறித்த தேதி வரும்வரை அந்த வெர்ஷனை ரூட்டே நினைத்தாலும் அழிக்க முடியாது. மிச்சம் இருக்கும் ஒரே வழி கணக்கையே மூடுவதுதான். கணக்கைத் தனியாக வைக்கச் சொன்னது அதற்காகவும்தான்.

விளையாட்டாக கம்ப்ளையன்ஸில் பத்து வருடம் என்று போட்டுவிடாதீர்கள். பத்து வருடமும் வாடகை கட்ட வேண்டும், மன்றாடினாலும் விடாது. முதலில் கவர்னன்ஸில் ஒரு நாள் என்று பழகுங்கள், பிறகு கம்ப்ளையன்ஸில் 30 நாள் போடுங்கள்.

கோப்புகளை அனுப்ப எஸ்3 ரெப்ளிகேஷன் (தானாக நகலெடுப்பது) போதும். ஒரு கோப்பின் குறிப்பிட்ட வெர்ஷனை இந்தப் பக்கம் அழித்தால் அந்த அழிப்பு அந்தப் பக்கம் போவதில்லை. டேட்டாபேஸுக்கு, இரவில் டம்ப் (முழு நகல் கோப்பு) எடுத்து அந்தப் பக்கெட்டில் போடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். அதன் ரோலுக்குப் போட மட்டும் அனுமதி. படிக்கவோ அழிக்கவோ கூடாது. கோவில் உண்டியல் மாதிரி, காசு போடலாம், எடுக்கச் சாவி வேறிடத்தில். ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸின் “டெலீஷன் ப்ரொடெக்ஷன்” இருக்கிறதே என்பார்கள். அது கைதவறி அழிப்பதைத்தான் தடுக்கும். திருடன் அதே கன்சோலில் அந்த டிக்கை எடுத்துவிட்டு அழிப்பான்.

பலரும் தவறவிடும் இடம் கேஎம்எஸ் (என்கிரிப்ஷன் சாவிகளை வைக்கும் சேவை) சாவி. பேக்கப்பைப் பிரதான கணக்கின் கேஎம்எஸ் சாவியால் பூட்டியிருந்தால், பேக்கப்பைத் தொடாமலேயே அதைக் கொல்லலாம்: சாவியை அழிக்கச் சொல்லிவிட்டால் போதும். அழிவதற்குக் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 30 நாள் அவகாசம் உண்டு, ஆனால் யாரும் கவனிக்காத 7 நாள் சீக்கிரம் ஓடிவிடும். பேக்கப்பின் சாவியும் பேக்கப் கணக்கிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, பேக்கப் கணக்கின் பில் சொற்பமாக இருப்பதால் அதை யாரும் நினைக்க மாட்டார்கள். கார்டு காலாவதியாகி பணம் கட்டாமல் விட்டால் கணக்கை நிறுத்திவிடுவார்கள். காலண்டரில் குறித்து வையுங்கள்.

கடைசியாக, மீட்டுப் பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்ஹப் போன்ற சேவையான கிட்லேபின் பொறியாளர் ஒருவர் களைப்பில் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப் எடுக்கப் பல ஏற்பாடுகள் இருந்தன. எஸ்3 பக்கெட்டைத் திறந்து பார்த்தால் காலி: டம்ப் எடுக்கும் மென்பொருளின் வெர்ஷன் டேட்டாபேஸோடு ஒத்துப்போகாமல் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றுவிட்டது என்று சொல்லும் ஈமெயில்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்று இருந்ததால் பிழைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு டம்ப்பை எடுத்துப் புதிய சர்வரில் ஏற்றி, நேற்றைய கடைசி ஆர்டர் அதில் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் எழுதி வையுங்கள். ஆபத்து வரும் நாளில் முதலாளி கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

படி 7: லாகும் பில்லும்

கணக்கில் யார் என்ன செய்தார்கள் என்று பதியும் கிளவுட்ட்ரெயில், நீங்கள் எதுவும் செய்யாமலேயே 90 நாள் நடவடிக்கைகளைக் காட்டும். அது போதாது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் (இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) வெளியிட்ட உத்தரவு லாகுகளை (நடவடிக்கைப் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. எல்லா ரீஜனுக்கும் (ஏடபிள்யூஎஸ் டேட்டா சென்டர்கள் உள்ள பகுதிகளுக்கும்) சேர்த்து ஒரு ட்ரெயில் போட்டு, அதையும் பேக்கப் கணக்கின் பக்கெட்டுக்கு அனுப்புங்கள். எஸ்3 கோப்பை யார் இறக்கினார்கள் என்பது இயல்பாகப் பதிவாவதில்லை. வாடிக்கையாளர் விவரம் இருக்கும் பக்கெட்டுக்கு மட்டுமாவது “டேட்டா ஈவென்ட்” பதிவைக் கட்டணம் கொடுத்துப் போடுங்கள்.

திருடன் வந்ததை முதலில் சொல்வது பல நேரம் பில்தான். நீங்கள் எட்டிக்கூடப் பார்க்காத ஏதோவொரு ரீஜனில் பெரிய பெரிய சர்வர்களை எழுப்பி கிரிப்டோ மைனிங் ஓட்டுவார்கள். பட்ஜெட்டில் மாதத் தொகையின் பாதிக்கு ஒரு எச்சரிக்கை, முழுவதற்கு ஒன்று போடுங்கள். எச்சரிக்கை போகும் ஈமெயிலை யாராவது உண்மையில் படிக்கிறார்களா?

படி 8: உள்ளே ஆள் புகுந்துவிட்டால்

கிட்ஹப்பில் கீ போய்விட்டது என்று தெரிந்ததும் பலரும் முதலில் அந்த வரியை அழித்து மறுபடி கமிட் (மாற்றத்தைப் பதிவு) செய்கிறார்கள். கிட் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். முதல் வேலை, கீயை “இன்ஆக்டிவ்” ஆக்குவது. இரண்டாவது, அந்த யூசருக்கு எல்லாவற்றையும் மறுக்கும் பாலிசியை ஒட்டுவது. கீயை நிறுத்தினாலும், அதை வைத்து அவன் ஏற்கெனவே வாங்கிய தற்காலிக செஷன் தொடர்ந்து உயிரோடு இருக்கலாம். இந்த மறுப்புப் பாலிசி அதையும் நிறுத்தும். ரோல் என்றால் ஐஏஎம் பக்கத்திலேயே பழைய செஷன்களை ரத்து செய்யும் பொத்தான் உண்டு.

பிறகு கோட் ஸ்பேசஸை நினைத்துக்கொள்ளுங்கள்: அவன் வேறு லாகின் செய்து வைத்திருக்கிறானா? கிளவுட்ட்ரெயிலில் புதிய யூசர், புதிய கீ, புதிய ரோல், மாறிய பாலிசி, நிறுத்திய ட்ரெயில் ஆகியவற்றை நேர வரிசையில் தேடுங்கள். எல்லா ரீஜனிலும் ஓடும் சர்வர்களைப் பாருங்கள். சந்தேகமான சர்வரை உடனே அழிக்காமல், முதலில் வலைத்தொடர்பைத் துண்டித்து டிஸ்க்கின் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது என்று பின்னால் சொல்ல அதுதான் சாட்சி.

கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். இந்தியாவில் இப்படிப்பட்ட சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். முழு விவரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல், கையில் உள்ளதை அனுப்பிவிட்டு மீதியைப் பிறகு சேர்க்கலாம். ஏடபிள்யூஎஸ் சப்போர்ட்டில் கேஸ் திறந்து, எந்த நேரத்தில் எந்தக் கீயை நிறுத்தினீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். எகிறிய பில்லில் தள்ளுபடி கேட்பதும் அதே கேஸில்தான். தருவது அவர்கள் முடிவு. முதலில் கணக்கைச் சுத்தம் செய்துவிட்டு வா என்றுதான் சொல்வார்கள்.